அலுமினியம் குளோரைடு அயனிச் சேர்மமா, சகப்பிணைப்புச் சேர்மமா?

கேள்வி:
உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு (எலக்ட்ரான் கைமாறுவது), இரண்டும் அலோகமானால் சகப்பிணைப்பு (எலக்ட்ரானைப் பங்கிடுவது) என்று படித்திருக்கிறேன். சோடியம் குளோரைடு அயனிச் சேர்மத்துக்கு ஏற்றபடி 801 டிகிரி செல்சியசில் உருகுகிறது, சரி. அலுமினியம் ஃபுளூரைடும் ஏறத்தாழ 1290 டிகிரி வரை தாங்குகிறது. அலுமினியம் குளோரைடு மட்டும் 180 டிகிரியிலேயே பதங்கமாகிவிடுகிறது. உலோகம் அதேதான், இணையும் தனிமமும் அதே ஹாலஜன் குடும்பம்தான். எங்கே தவறுகிறேன்? எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பு எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) வேறுபாடு 1.7-ஐத் தாண்டினால் அயனிச் சேர்மம் என்ற கணக்கை நம்பலாமா?

பதில் 1:
முதலில் ஒரு பொதுவான தவறைத் திருத்துகிறேன். வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் (எண்மம்) நிறைய வேண்டும் என்று சோடியம் எலக்ட்ரானைத் தானாக விட்டுக்கொடுப்பதாகப் பலர் எழுதுகிறார்கள்; அப்படி இல்லை. கிலோஜூல்/மோலில் கணக்குப் போடுங்கள்: திட சோடியத்தை ஆவி அணுக்களாக்க 107, குளோரின் மூலக்கூற்றைப் பிரித்து ஓர் அணு எடுக்க 122, சோடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496. குளோரின் அதை ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 மட்டுமே. இதுவரை 376 நட்டம். அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது வெளிவரும் 787-தான் (இதுவே படிகக்கூடு ஆற்றல்) நட்டத்தை அடைத்து, 411 மிச்சம் வைக்கிறது. 'எண்மம் நிறையும் ஆசை' என்று எழுதுவதை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் பழகுங்கள். சோடியம் ஏன் இரண்டு எலக்ட்ரான்களை இழப்பதில்லை என்பதும் இதிலேயே விளங்கும்: இரண்டாவதைப் பிடுங்க 4562 வேண்டும். ஒப்பிட, இரட்டை மின்சுமை அயனி உள்ள மக்னீசியம் குளோரைடின் படிகக்கூடு ஆற்றலே சுமார் 2500-தான். அவ்வளவு கிடைத்தாலும் ஈடுகட்டாது.

பதில் 2:
அலுமினியத்துக்கு வருகிறேன். மூன்று எலக்ட்ரான்களையும் எடுக்க 578, 1817, 2745, மொத்தம் 5140. அப்படி எடுத்தால் கிடைக்கும் அயனி மிகச் சிறியது (ஆரம் சுமார் 54 பிக்கோமீட்டர்), மின்சுமையோ மூன்று. அது பக்கத்து எதிரயனியின் எலக்ட்ரான் முகிலைத் தன் பக்கம் இழுத்து உருக்குலைக்கும். ஃபுளூரைடு அயனி சிறியது, 133. எலக்ட்ரான்களை இறுகப் பிடித்திருப்பதால் அசைந்துகொடுக்காது. குளோரைடு 181; அதன் முகில் எளிதில் இழுபடும், இழுபட்ட முகில் இரு அணுக்களுக்கும் பொதுவாகிவிடும். இதுதான் ஃபஜான்சு விதி. ஆவியில் அலுமினியம் குளோரைடு இரண்டிரண்டாக இணைந்த மூலக்கூறாகவே இருக்கிறது. இரண்டு குளோரின்கள் தங்கள் தனி இணையை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணையை)ப் பக்கத்து அலுமினியத்துக்கு ஈந்து பாலமாகின்றன.

வெள்ளீயம் இன்னும் தெளிவான சான்று. இரண்டு குளோரின் சேர்ந்த சேர்மம் 247 டிகிரியில் உருகும் திண்மம். நான்கு சேர்ந்தது அறை வெப்பநிலையில் திரவம். உலோகம் மாறவில்லை, ஆக்சிஜனேற்ற நிலை (உலோகம் இழந்ததாகக் கணக்கிடும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) இரண்டிலிருந்து நான்காக உயர்ந்தது, அவ்வளவே.

1.7 கணக்கு தோராயமானது. ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வேறுபாடு 1.78, ஆனால் அது மூலக்கூறு. லித்தியம் ஹைட்ரைடில் 1.22-தான், அதை உருக்கி மின்னாற்பகுத்தால் ஹைட்ரஜன் நேர்மின்வாயில் வெளிவரும். அங்கே ஹைட்ரஜன் எதிரயனியாக இருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கேட்டவர்:
நன்றி, குழப்பம் பாதி தீர்ந்தது. ஆனால் அலுமினியம் குளோரைடின் நீர்க்கரைசல் மின்சாரம் கடத்துகிறதே? அது அயனிச் சேர்மம் என்பதற்கு அடையாளம் இல்லையா?

பதில் 3:
இந்தச் சோதனையில்தான் பலர் வழுக்குகிறார்கள். நீரில் போட்டதும் அது பழைய பொருள் அல்ல. ஆறு நீர் மூலக்கூறுகள் அலுமினியத்தைச் சூழ்ந்து புதிய அயனியை உண்டாக்குகின்றன. அந்த நீரேற்றத்தில் வெளிவரும் ஆற்றல்தான் பிணைப்பை உடைக்கிறது. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் இப்படியே நீரில் அயனியாகிக் கடத்தும். நீரற்ற நிலையில் உருக்கிப் பாருங்கள். சோடியம் குளோரைடு உருகியதும் கடத்துதிறன் ஏறும். அலுமினியம் குளோரைடில் நேர்மாறு: படிகத்தில் ஒவ்வோர் அலுமினியத்தையும் ஆறு குளோரின் சூழ்ந்திருக்கும், உருகும்போது அது கலைந்து இரட்டை மூலக்கூறுகளாகும், கடத்துதிறன் சட்டென விழும். அழுத்தம் கொடுத்து மூடிய குழாயில்தான் உருக்க முடியும். திறந்த கலத்தில் பதங்கமாகிப் போய்விடும், காற்றின் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகையும் வரும்.

'உலோகம் இல்லையென்றால் அயனி இல்லை' என்றும் எழுதிவிடாதீர்கள். அம்மோனியம் குளோரைடில் உலோகமே கிடையாது, ஆனாலும் அயனிச் சேர்மம். அம்மோனியம் அயனிக்குள்ளே நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சகப்பிணைப்பில் இருக்கின்றன.