இரண்டரை வயதுப் பையனுக்கு ஹெர்னியா ஆபரேஷன்: முதுகில் ஊசி எதற்கு, வலிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அல்சூர் அம்மா:
வருகிற வியாழக்கிழமை என் பையனுக்கு வலது பக்கத் தொடை இடுக்கில் ஹெர்னியா ஆபரேஷன். வயது இரண்டரை, எடை 12 கிலோ. முழு மயக்கம் கொடுத்து, அவன் தூங்கிய பிறகு முதுகுக்குக் கீழே ஒரு ஊசி போடுவோம், விழித்ததும் வலிக்காமல் இருக்கும் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னார். அங்கே தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் மாமியார், முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலிதான் என்று ஆரம்பித்துவிட்டார், அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அவன்தான் மயக்கத்தில் இருக்கிறானே, இன்னொரு ஊசி எதற்கு? அப்புறம், அவனுக்குத் தமிழ் மட்டும்தான், அதுவும் பாதிப் பாதி வார்த்தை. நர்சுகள் கன்னடமும் இந்தியும் பேசுகிறார்கள். இவனுக்கு வலித்தால் அவர்களுக்கு எப்படிப் புரியும்?

ராமமூர்த்தி நகர் அப்பா:
சகோதரி, போன வருஷம் என் மகனுக்கு இறங்காத விதையை விதைப்பைக்குள் இறக்கும் ஆபரேஷன், அப்போது மூன்று வயது. இதே ஊசிதான். கண் விழித்ததும் தொடையைத் தொடையை அடித்துக்கொண்டு கத்தினான், எனக்குக் கை கால் ஓடவில்லை. காது கொடுத்துக் கேட்டால் "காலக் காணோம்பா" என்கிறான். கால் மரத்துப்போன பயம், வலியே இல்லை. மடியில் வைத்துக்கொண்டு அவன் கையை எடுத்து அவன் பாதத்திலேயே வைத்தேன், இதோ இருக்கு பாரு என்றேன், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டான். ஆனால் ராத்திரி வீட்டில் நாங்கள் ஏமாந்தோம். ஊசியின் வேலை தீர்ந்த பிறகு அவன் அழவே இல்லை, அசையாமல் படுத்திருந்தான், சரி தூங்குகிறான் என்று வலி சிரப் கொடுக்காமல் விட்டோம். போர்வையை இழுத்தபோது என் மனைவியின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு நேரமும் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

மயக்க மருந்து டாக்டர், ஜெயநகர்:
அம்மா, அந்த ஊசிக்குக் காடல் பிளாக் என்று பெயர். பிட்டப் பிளவுக்குச் சற்று மேலே, வாலெலும்புக்கு அருகில் இருக்கும் சின்ன இடைவெளி வழியாகப் போடுவது. தண்டுவடம் அதற்கு வெகு மேலேயே, இடுப்புப் பகுதி முதுகெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடும். மயக்க வாயு மூளையைத் தூங்க வைக்கும், ஆனால் அதை நிறுத்தினால் தூக்கம் கலையும், வெட்டின இடத்து வலியும் கூடவே விழிக்கும். பிளாக் அந்த வலிச் செய்தியை நரம்பிலேயே நிறுத்துகிறது, அதனால் வாயுவும் குறைவாகப் போதும், மார்ஃபின் வகை மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது. மருந்து எடைக் கணக்கு: 12 கிலோவுக்கு 0.2 சதவீத ரோபிவகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்து 12 மில்லி அளவில் போடுவது வழக்கம், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். கால் கொஞ்ச நேரம் தளர்வாக இருக்கலாம், தூக்கிக்கொண்டே நடங்கள், மரத்த காலில் சுடுதண்ணீர்ப் பை வைக்காதீர்கள். சிறுநீர் போகத் தாமதமானால் வார்டில் சொல்லுங்கள்.

ராமமூர்த்தி நகர் அப்பா சொன்னதுதான் முக்கியம். பிளாக் தீரும்வரை காத்திருக்காமல், தீரும் முன்பே பாராசிட்டமால் ஆரம்பிக்க வேண்டும். எடைக் கணக்கில் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணிக்கொரு தரம், அதாவது உங்கள் பையனுக்கு 180 மில்லிகிராம். ஆனால் 5 மில்லியில் 125 உள்ள பாட்டிலும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது, எந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1980களில்கூடப் பச்சைக் குழந்தைகளுக்கு வலி தெரியாது என்று நம்பி, போதிய வலி மருந்து இல்லாமலே ஆபரேஷன் செய்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த், 1987இல் ஆபரேஷன் ஆகும் குறைமாதக் குழந்தைகளிடம் ஃபென்டனில் என்ற வலி மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டு, மருந்து பெற்றவர்களின் உடல் அதிர்ச்சி எவ்வளவு குறைவு என்று காட்டினார். உங்கள் பையனின் வலியைப் பற்றி இன்று நீங்கள் கேள்வி கேட்டால், அதைக் காது கொடுத்துக் கேட்பது எங்கள் கடமை.

தர்மபுரி நர்ஸ், இப்போது பெங்களூரு:
அக்கா, பேசத் தெரியாத குழந்தைகளுக்கு வலியை அளக்க ஃப்ளாக் (FLACC) என்ற கணக்கு பார்ப்போம். முகம், கால், உடம்பு அசைவு, அழுகை, சமாதானம் ஆகிறானா இல்லையா, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து இரண்டு மதிப்பெண், மொத்தம் பத்து. 1997இல் மிச்சிகனில் செய்தது. காலுக்கான மதிப்பெண் இந்த ஊசிக்குப் பிறகு நம்ப முடியாது, கால்தான் மரத்திருக்கிறதே. நான் அதிகம் பார்ப்பது சமாதானத்தைத்தான்: அம்மா தூக்கினால் அடங்குகிறானா, பால் கொடுத்தால் குடிக்கிறானா. தூக்கியும் அடங்காமல் புருவத்தைச் சுருக்கிக்கொண்டே இருந்தால் மருந்து கேட்கப் போய்விடுவேன். சிரித்த முகம், அழுத முகம் காட்டிக் கேட்கும் அட்டை உங்கள் பையன் வயதுக்கு வேண்டாம், பிடித்த படத்தைத் தொட்டுவிடுவான்.

சாதாரணமாக அவன் எப்படி அழுவான், வலித்தால் என்ன சொல்வான் என்று ஆபரேஷனுக்கு முன்பே நர்சிடம் சொல்லிவிடுங்கள். கண் விழிக்கும்போது உங்களை உள்ளே விடும்படியும் கேளுங்கள்.

அல்சூர் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன், தண்டுவடம் மேலேயே முடிந்துவிடும் என்றதும் கொஞ்சம் அமைதியானார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: இவன் "புண்ணு" என்றால் வலி, "இங்கா" என்றால் பால், "ஆச்சி" என்றால் பாட்டி வேண்டும். வலிக்குக் கன்னடத்திலும் நோவுதானாம், மாமியார் அதைக் கேட்டு, அப்போ நானே போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பிவிட்டார். தாளை அவன் கட்டிலில் ஒட்டலாமா என்று நாளைக்குப் போன் செய்து கேட்கப் போகிறேன்.