பிந்தினா எடுக்கிற அந்தக் காசு வட்டி இல்லையா?

புறக்கோட்டை வியாபாரி:
"இஸ்லாமிய நுண்கடனில் வட்டி இல்லை, அதனால் ஏழை கடனில் மூழ்கமாட்டான்" எண்டு நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார். வாசிச்சதும் பத்திக்கொண்டு வந்திச்சு. தவணை பிந்தினா எடுக்கிற தாமதக் கட்டணம் என்னவாம்?

மாளிகாவத்தை நானா:
எழுதினது நான்தான். முறாபஹா எண்ட விற்பனை முறையில தையல் மெஷினை நிறுவனமே வாங்கி, லாபம் வெச்சு, தவணைக்கு விக்கிது. பேசின விலை பேசினதுதான், பிந்தினாலும் ஏறாது. கட்டணம் தர்மத்துக்குப் போகுது, நிறுவனம் அதைத் தொடக் கூடாது. படிச்சிட்டு வாங்க தம்பி.

புறக்கோட்டை வியாபாரி:
தர்மத்துக்குப் போனா என்ன, போறது கட்டுறவளிட காசுதானே? கஷ்டப்பட்டவனுக்கு அவகாசம் குடுக்கச் சொல்லி குர்ஆன்ல அல்பகரா அத்தியாயம் 280ஆவது வசனத்தில இருக்கு. அவளுக்கு ஏன் கட்டணம்?

மாளிகாவத்தை நானா:
அது வசதி இருந்தும் இழுத்தடிக்கிறவனுக்கு!

புறக்கோட்டை வியாபாரி:
யாருக்கு வசதி இருக்கு எண்டு யார் பாக்கிறது? தேதி தாண்டினா கம்பியூட்டர் தன்பாட்டில போடுது.

கொட்டாஞ்சேனை வாசகி:
2018ல இலங்கையில வறட்சி வந்த 12 மாவட்டத்தில பொம்பிளைகள் வட்டிக்கு எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்யிறம் எண்டு அரசாங்கமே இறங்க வேண்டி வந்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. அதோட பாத்தா இது எவ்வளவோ மேல்.

புறக்கோட்டை வியாபாரி:
கதையை மாத்தாதீங்க அக்கா, நான் கேட்டது கட்டணம். பிந்தின காசில லாபம் எடுக்க ஏலாது எண்டதால இவங்க வாசல்லயே ஆளை வடிகட்டுறாங்க. எங்கட கடைக்கு முன்னால வாளி விக்கிற பொம்பிளையிட்ட அரசாங்க உத்தியோகக்காரர் ரெண்டு பேரைப் பிணைக்குக் கேட்டிருக்காங்க. அவ எங்க போவா? காதில கிடந்த தோட்டைக் கழட்டி அடகு வெச்சிட்டா. இதுவா ஏழைக்குத் திறந்த கதவு?

மாளிகாவத்தை நானா:
பாகிஸ்தான்ல அகுவத் எண்ட நிறுவனம் 2001ல இருந்து கர்ழ் ஹஸன் எண்ட கடன் குடுக்குது. லாபமும் இல்ல, வட்டியும் இல்ல. அதைத் தொடங்கின அம்ஜத் சாகிபுக்கு 2021ல மக்சேசே விருதே குடுத்தாங்க.

புறக்கோட்டை வியாபாரி:
அது நன்கொடையில ஓடுறது. இங்க ஸகாத் எண்ட கட்டாய தர்மத்தைச் சேர்க்கிற கமிட்டியில கணக்குக் கேட்டவனை வெளிய போட்டவங்க நீங்க!

மாளிகாவத்தை நானா:
அதை இங்க ஏன் இழுக்கிறீங்க? உங்கட கடையில கடனுக்கு வாங்கினா விலை கூடத்தானே?

புறக்கோட்டை வியாபாரி:
கூடத்தான். ஆனா பிந்தினா ஒரு சதம் மேல எடுத்ததில்ல. உங்கட ஆக்கள் எடுக்கிறாங்களா இல்லையா? அதைச் சொல்லுங்க.

மாளிகாவத்தை நானா:
எத்தின தரம் சொல்றது, அது தர்மத்துக்கு!