பொருள்: சூழலில் 'ரிலீஸ்' செய்வதற்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அறிவியல் டீச்சர், பகாவ்:
வணக்கம். தோட்டத்து மண்டபத்தில் பெற்றோருக்கு ஒரு விளக்கக் கூட்டம் வைக்கிறோம். மலேசியாவின் 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மரபணு மாற்றிய உயிரியைச் சூழலில் 'ரிலீஸ்' செய்ய தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குள் அடைத்து வைத்துப் பயன்படுத்த அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 'வெளியீடு' என்று எழுதியிருந்தேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி படித்துவிட்டு, "கொசுவைப் புத்தகமாப் போடுறாங்களா டீச்சர்?" என்றாள். 'விடுவிப்பு' என்றால் பிணைக்கைதி ஞாபகம் வருகிறது. உதவுங்கள்.

பழைய கிராணி:
'விடுவி' என்பது பிறவினை; கட்டிலிருந்தோ சிறையிலிருந்தோ நீக்குவது. 'விடு' தானே செயப்படுபொருள் கொள்ளும்: அம்பு விட்டான், தூது விட்டாள், புறா விட்டார்கள். 'வி' எதற்கு? தொழிற்பெயர் விகுதிகளில் தல், கை இரண்டையும் நன்னூலார் சொல்கிறார். ஆகவே 'விடுகை'. தயவுசெய்து 'விடுப்பு' என்று போட்டுவிடாதீர்கள், லீவு லெட்டர் ஆகிவிடும். யாழ்ப்பாணத்தாருக்கு அது வம்பு விசாரிப்பது.

செம்பனைக்காரன்:
கிராணி ஐயா, லயத்து ஆயாவிடம் போய் 'விடுகை' என்று சொன்னால் விடுகதை போடுறீங்களா என்று கேட்கும். 2010 டிசம்பர் 21 அன்று பகாங் மாநிலத்துப் பெந்தோங் பக்கம் ஆளில்லாத காட்டில் மரபணு மாற்றிய ஆண் கொசு ஏறக்குறைய 6000 விட்டார்களே, அப்போது இங்கே எல்லாரும் "கொசுவ லெப்பாஸ் பண்ணிட்டானுங்க" என்றுதான் பேசினோம். 'விடு' என்பதற்கான மலாய்ச் சொல்தான், ஆனால் நம் வாயில் பழகியது. அதையே போடுங்கள் டீச்சர். ஆண் கொசு கடிக்காது, அதன் வாரிசுகளில் பெரும்பாலானவை வளர்ந்து கொசுவாகும் முன்பே செத்துவிடும் என்பதையும் சேருங்கள். கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பழைய கிராணி:
தம்பி கிண்டலாகச் சொன்னாலும் அதற்கு இலக்கணத்தில் இடமுண்டு. திசைச்சொல் வரும் நிலங்கள் என்று நன்னூல் உரைகளில் ஒரு பழம்பாட்டு காட்டுவார்கள்: சிங்களம், சோனகம், சாவகம், சீனம் என்று போய்க் கடாரமும் வரும். கடாரம் நம் கெடா. ஆனால் நாம் இருப்பது நெகிரி செம்பிலான். பாட்டில் அது இல்லை.

செம்பனைக்காரன்:
அப்போது கெடாக்காரர்கள் மட்டும் லெப்பாஸ் பண்ணலாமா ஐயா?

சட்டம் படிப்பவன்:
சொல் அழகாக இருக்கிறதா என்பது அப்புறம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். வயலில் நடக்கும் எல்லாச் சோதனையும், விற்பனைக்குத் தருவது, சந்தையில் வைப்பது, அன்பளிப்பாகவோ பரிசாகவோ இலவசமாகவோ கொடுப்பது, கழித்துப் போடுவது எல்லாம் 'ரிலீஸ்' கணக்கில்தான் வருகின்றன. தீவனத்துக்கு இறக்குமதியாகும் மரபணு மாற்றிய சோளமும் சோயாவும் இந்த வழியில்தான் ஒப்புதல் வாங்குகின்றன. சாக்குக்குள் கிடக்கும் சோளம் எங்கே பறந்து போகிறது? 'பறக்கவிடல்', 'திறந்துவிடல்' என்றெல்லாம் வைத்தால் பெந்தோங் கொசு மட்டும்தான் அதற்குள் அடங்கும். கோயில் திருவிழாவில் ஒருவர் மரபணு மாற்றிய பப்பாளிக் கன்றை இலவசமாகக் கொடுத்தால் அதுவும் 'ரிலீஸ்'தான். ஒப்புதல் இல்லையென்றால் தனிநபருக்கு 250,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதனால் இணைச்சொல்லாக வையுங்கள். ஆய்வுக்கூடத்துக்குள் நடப்பது 'அகப்பயன்பாடு', மற்றது 'புறவிடுகை'.

அறிவியல் டீச்சர்:
இணை பிடித்திருக்கிறது. நான் முதலில் 'அடைப்புப் பயன்பாடு' என்று எழுதி வைத்திருந்தேன், பிள்ளைகளுக்கு அடைப்புக்குறிதான் ஞாபகம் வந்தது.

செம்பனைக்காரன்:
அகம் என்றால் காதல், புறம் என்றால் போர் என்று அஞ்சாம் பாரத்திலேயே மண்டையில் ஏற்றிவிட்டார்கள். கொசு எந்தத் திணை?

பழைய கிராணி:
மருதம். தேங்கிய நீர், வயல். டெங்கிக் கொசுவுக்கு மட்டும் வீட்டுப் பூச்சட்டி போதும், அதற்குத் தனித்திணை வேண்டும். விளையாட்டு இருக்கட்டும். 'புறவிடுகை' சரியான சொல், நான் ஆதரிக்கிறேன்.

அறிவியல் டீச்சர்:
மண்டபத்தில் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். 'புறவிடுகை' என்றதும் ஒருவர் "யாரை ஒதுக்குறாங்க?" என்றார். அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். 'வெளிவிடுகை' என்று போடுகிறேன். கீழேயே "வயலில் நடுவது, விற்பது, சும்மா கொடுப்பது, கழித்துப் போடுவது எல்லாம் இதில் சேரும்" என்று ஒரு வரியும் வரும். சட்டம் தம்பி, அந்த வரி போதுமா?

சட்டம் படிப்பவன்:
போதும். சொல்லைவிட அந்த வரி முக்கியம். 'வயலில் நடுவது' என்பதற்குப் பதில் 'வயலில் சோதிப்பது' என்று மாற்றிவிடுங்கள்.

செம்பனைக்காரன்:
எனக்கும் ஓகே. சண்டை போட முடியாது, நாளைக்குக் குலை வெட்டு.

பழைய கிராணி:
பெரும்பான்மை அப்படியென்றால் அப்படியே ஆகட்டும். ஆனால் 'வெளிவிடுகை' யோகா வகுப்பில் மூச்சுக்குச் சொல்வது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'மரபணு' சரியா 'மரபீனி' சரியா என்று நாளை தனி இழை தொடங்குகிறேன்.