மூடிய இஷ்யூவை மறுபடி திறக்கக் கேட்பது எப்படி, மெயின்டெய்னரோடு மல்லுக்கு நிற்காமல்?

கேள்வி: கட்டளைவரி

எங்கள் பில்டில் இருக்கும் ஒரு பைதான் லைப்ரரியின் 2.5 பதிப்பில் முக்கியமான ஒரு ஃபங்ஷனின் ஆர்க்யுமென்டை எடுத்துவிட்டார்கள். 2.4-க்கு அடுத்த மைனர் ரிலீஸ்தான் இது. செம்வெர் (பதிப்பு எண் கொடுக்கும் மரபு) விதிப்படி மைனரில் இப்படி உடைக்கக் கூடாது. யாரோ ஏற்கெனவே இஷ்யூ (குறை அறிக்கை) போட்டிருக்கிறார்கள். மெயின்டெய்னர் (லைப்ரரியைப் பராமரிப்பவர்) இரண்டு வரி எழுதி, 'நாட் பிளான்ட்' (செய்யும் திட்டமில்லை) என்று மூடிவிட்டார். அதன் கீழே வசை மழை. டீமில் ஆளுக்கொரு கமெண்ட் போட்டு அழுத்தம் கொடுக்கலாம் என்கிறார்கள். அவர் முடிவு தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை எப்படிச் சொன்னால் காதில் விழும்?

பதில்: பேட்ச்பை

கமெண்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் வெர்ஷனைப் பூட்டுங்கள். ரிக்வயர்மென்ட்ஸில் (தேவைப்படும் லைப்ரரிகளின் பட்டியலில்) '2.5-க்குக் கீழே' என்று வரம்பு போட்டு, துல்லியமான பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் ஃபைலையும் கமிட் செய்யுங்கள். பில்ட் ஓட ஆரம்பித்துவிட்டால் உங்கள் அவசரம் தீர்ந்தது, பதறாமல் எழுதலாம்.

ஆளுக்கொரு கமெண்ட் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு கமெண்டும் அந்த இஷ்யூவைப் பின்தொடர்பவர்கள் எல்லோருக்கும் மெயிலாகப் போகும். 'எனக்கும் இதே பிரச்சினை' என்ற வரியில் புதுத் தகவல் ஏதும் கிடையாது. 2016 ஜனவரியில் பல மெயின்டெய்னர்கள் சேர்ந்து, குறியீட்டைப் பகிரும் தளமான கிட்ஹப்புக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இந்தத் தொல்லையும் ஒரு புகார். அதே ஆண்டு மார்ச்சில் கட்டைவிரல் ரியாக்‌ஷன் வந்தது. அதை அழுத்தினால் யாருக்கும் மெயில் போகாது. ரியாக்‌ஷன் எண்ணிக்கைப்படி இஷ்யூக்களை வரிசைப்படுத்தவும் முடியும். டீம் முழுக்க அதை அழுத்தட்டும், எழுதுவது ஒருவர் மட்டும்.

எழுதுமுன் ஒன்று பாருங்கள்: 2.3, 2.4 பதிப்புகளில் 'இது நீக்கப்படும்' என்ற எச்சரிக்கை இருந்ததா? இந்த எச்சரிக்கையை, அதாவது டெப்ரிகேஷன் வார்னிங்கை, பைதான் இயல்பாக நேரடியாக ஓட்டும் ஸ்கிரிப்டில் மட்டும்தான் காட்டும். உங்கள் மாட்யூல்களுக்குள்ளிருந்து வருவதை விழுங்கிவிடும். டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்ட் காட்டும். அல்லது 'டபிள்யூ எரர்' (-W error) என்ற ஃபிளாகோடு ஓட்டினால் வார்னிங் எல்லாம் எரராக வெடிக்கும். இரண்டு ரிலீஸாக அவர் எச்சரித்திருந்தால் உங்கள் வாதத்தில் பாதி போய்விடும். அதை அவரே எடுத்துக் காட்டுவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

பிறகு கிட் பைசெக்ட்: கமிட்டுகளை (குறியீட்டு மாற்றப் பதிவுகளை) பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை. 2.4-க்கும் 2.5-க்கும் இடையே 500 கமிட் இருந்தாலும் ஒன்பது படியில் குற்றவாளிக் கமிட் சிக்கும். 'பைசெக்ட் ரன்'னுக்கு ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தால் தானாகவே ஓடும். 0 திரும்பினால் நல்ல கமிட், 1 திரும்பினால் கெட்டது. பில்டே ஆகாத கமிட்டுக்கு 125 திருப்புங்கள், அதைத் தாண்டிப் போகும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பில்ட் தோல்விக்கும் 1 போய்விட, சம்பந்தமில்லாத ஒரு கமிட் மேல் பழி விழும். கூடவே உங்கள் நம்பகத்தன்மையும் காலி.

பதில்: மூன்றாம்_ஷிஃப்ட்

அழுத்தம் கொடுப்பது நாகரிகக் குறைவு என்பதோடு நிற்பதில்லை, பாதுகாப்புக்கும் ஆபத்து. எக்ஸ்இசட் யூட்டில்ஸ் விவகாரம் நினைவிருக்கும். லாஸ்ஸே காலின் சம்பளமில்லாமல் தனியாளாகப் பார்த்துவந்த கம்ப்ரஷன் கருவி அது. 2022-இல் அதன் மெயிலிங் லிஸ்டில் சில பெயர்கள் முளைத்தன. பேட்ச் (திருத்தக் குறியீடு) ஏன் தாமதம், மெயின்டெய்னருக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு ஆளைச் சேருங்கள் என்று நச்சரித்தன. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, மனநலச் சிக்கலும் இருக்கிறது என்று அவர் பதில் எழுதினார். அதன் பிறகும் விடவில்லை. கைகொடுக்க முன்வந்த 'ஜியா டான்' என்ற கணக்குக்குப் படிப்படியாக உரிமைகள் போயின. 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் பின்வாசல் (அத்துமீறி நுழைய ரகசிய வழி) இருந்தது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) லாகின் சுமார் அரை விநாடி தாமதமாவதை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் துருவிப் பார்த்து, அந்தப் பின்வாசலைக் கண்டுபிடித்து மார்ச் 29 அன்று வெளியிட்டார். அந்தக் குறையின் தீவிரத்துக்குத் தந்த மதிப்பெண் 10-க்கு 10.

நச்சரித்த அந்தப் பெயர்களுக்கு வேறெங்கும் தடமே இல்லை. அப்போது யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் உண்மையான பயனர்களும் அதே தொனியில்தான் எழுதுகிறார்கள். உங்கள் டீம் போடப்போகும் பத்துக் கமெண்டையும் அந்த மெயில்களையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியுமா?

பதில்: நேர்மாறு

எக்ஸ்இசட்டைக் காட்டி எல்லோர் வாயையும் அடைத்துவிடாதீர்கள். 'மரியாதை' என்ற பெயரில் சரியான விமர்சனமும் அமுங்கிப்போவதுண்டு. ரஸ்ட் மொழியில் எழுதிய வெப் ஃபிரேம்வொர்க்கான ஆக்டிக்ஸ் வெப் சண்டையில் (2020 ஜனவரி) விமர்சகர்கள் சொன்ன தொழில்நுட்பக் குறை நிஜம். ரஸ்ட்டில் 'அன்சேஃப்' (மெமரிப் பாதுகாப்பைக் கம்பைலர் முழுதாகச் சரிபார்க்காத) குறியீட்டை வெளியே பாதுகாப்பானது போலக் காட்டினால், பயன்படுத்துபவர் தப்பே செய்யாமலும் மெமரி கெடலாம். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பேட்ச் மறுக்கப்பட்டதும் பேச்சு குறியீட்டை விட்டு ஆளின் மேல் திரும்பியது. அதை உருவாக்கிய நிகோலாய் கிம் ரெப்போவை (குறியீட்டுக் களஞ்சியத்தை) தன் சொந்தக் கணக்குக்கு நகர்த்திவிட்டு விலகினார். சில நாள் கழித்து வேறொரு பங்களிப்பாளரிடம் பொறுப்பு போனது. குறை சொன்னவர்கள் சரிதான், சரியாக இருந்தும் ஆளை இழந்தார்கள்.

மெயின்டெய்னர்களும் யோக்கியர்கள் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் மெயில்களின் கடுமைக்காக 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். கெர்னலின் நடத்தை விதி மாறியதும் அப்போதுதான். 2024 நவம்பரில் பிகேஷ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தை எழுதும் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் சக டெவலப்பரிடம் பேசிய விதத்துக்காக, கெர்னலின் 6.13 சுழற்சியில் அவருடைய புல் ரிக்வெஸ்டுகள் (மாற்றங்களைச் சேர்க்கும்படி கேட்கும் கோரிக்கைகள்) ஏற்கப்படவில்லை. குறியீடு எழுதுகிறவர் என்பதற்காக விலக்கு கொடுக்கவில்லை, பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: கட்டளைவரி

பார்த்துவிட்டேன்: 2.3, 2.4 இரண்டிலும் வார்னிங் இல்லை. சேஞ்ச்லாக்கில் மட்டும் ஒரு வரி. பைசெக்டில் கமிட்டும் கிடைத்தது. உள்ளே கேஷை (தற்காலிகச் சேமிப்பை) எளிமையாக்கும்போது ஆர்க்யுமென்ட் போயிருக்கிறது. இதுதான் என் வரைவு:

'மைனர் ரிலீஸில் இப்படி உடைப்பது பொறுப்பற்ற செயல். இதை நம்பி ஆயிரக்கணக்கானோர் இருக்கிறோம். உடனே பழையபடி மாற்றுங்கள், இல்லையென்றால் வேறு லைப்ரரிக்குப் போக வேண்டியிருக்கும்.'

பதில்: பேட்ச்பை

கையில் கமிட்டை வைத்துக்கொண்டு அதைச் சொல்லவே இல்லையே! 'பொறுப்பற்ற' என்பது ஆளைப் பற்றிய வார்த்தை. அவர் பதில் எழுதினால் அதற்குத்தான் எழுதுவார், ஆர்க்யுமென்டுக்கு இல்லை. 'ஆயிரக்கணக்கானோர்' என்பதை அவரால் சரிபார்க்க முடியாது. 'உடனே' என்று கேட்க ஒப்பந்தம் எதுவும் இல்லை: எம்ஐடி லைசென்ஸ் என்றால் 'உள்ளது உள்ளபடியே' (உத்தரவாதம் இல்லை) என்று பெரிய எழுத்தில் இருக்கும், அப்பாச்சி 2.0 என்றால் 7, 8-ஆம் பிரிவுகள் அதையே சொல்லும். கடைசி வரி மிரட்டல். நீங்கள் போனால் அவருக்கு மெயில்தான் குறையும்.

இப்படி மாற்றுங்கள்:

'இந்தக் கமிட்டில் இந்த ஆர்க்யுமென்ட் நீங்கியது. 2.4-இல் முன்னெச்சரிக்கை வரவில்லை. பிழையைத் திரும்ப வரவழைக்கும் 12 வரிக் குறியீடு கீழே. கேஷை எளிமையாக்கத்தான் எடுத்தீர்கள் என்று புரிகிறது, அதைத் திருப்பக் கேட்கவில்லை. 2.x முடியும்வரை ஆர்க்யுமென்டை ஏற்று, பயன்படுத்தாமல், எச்சரிக்கை மட்டும் தரும் பேட்சை டெஸ்டோடு எழுதித் தருகிறேன். ஏற்பீர்கள் என்றால் தொடங்குகிறேன். வேண்டாமென்றாலும் சரி, எங்கள் பக்கம் மாற்றிக்கொள்கிறோம்.'

அந்தக் கடைசி வரியை வெட்டாதீர்கள். 'முடியாது' என்று சொல்ல வழி இருந்தால்தான் மனுஷன் யோசிப்பார். பைதான் பதிப்பு, ஓஎஸ், முழு டிரேஸ்பேக் (பிழைச் செய்தி) எல்லாம் எழுத்தாகவே இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட்டில் தேட முடியாது. பெயரைக் குறியிட்டு அழைக்காதீர்கள், அவருக்கு ஏற்கெனவே மெயில் போகிறது. இஷ்யூ பூட்டப்பட்டிருந்தால் புதிதாக இன்னொன்று திறந்து அதே சண்டையைத் தொடர வேண்டாம்; டிஸ்கஷன்ஸ் பகுதியோ மெயிலிங் லிஸ்டோ இருந்தால் அங்கே ஒருமுறை கேளுங்கள்.

பதில்: மூன்றாம்_ஷிஃப்ட்

மறுத்துவிட்டால்: பழைய ஆர்க்யுமென்டை வாங்கிப் புதிய ஃபங்ஷனுக்கு அனுப்பும் ஒரு உறை உங்கள் குறியீட்டிலேயே போதும். ஃபோர்க் (குறியீட்டை நகலெடுத்துத் தனியே நடத்துவது) கடைசி வழி. ஒவ்வொரு ரிலீஸுக்கும் ரீபேஸ் (உங்கள் மாற்றத்தைப் புதிய பதிப்பின் மேல் மறுபடி ஏற்றுவது), பாதுகாப்புத் திருத்தங்களும் உங்கள் தலையில்தான். ஃபோர்க் என்றால் பகை என்றும் இல்லை: 2014 டிசம்பரில், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடிலிருந்து பிரிந்த ஐஓ.ஜேஎஸ், அடுத்த செப்டம்பரில் நோட் 4.0-வில் மறுபடி ஒன்று சேர்ந்தது. ஒரு ஆர்க்யுமென்டுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, உறையே போதும்.