மூழ்கிய நீராவி இழுவைப் படகு: உங்களை விடாமல் துரத்தும் ஒரு நொடி (அனுபவப் பகிர்வு)

ஆழம்18
நான் முக்குளித்துப் பார்த்தது, பெரிய கப்பல்களை இழுத்துச் செல்லும் ஒரு இழுவைப் படகு. தளம் எல்லாம் சரிந்துவிட்டது, எஞ்சின் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின். கடைசிச் சிலிண்டர்தான் பெரியது, பார்த்தவர்களுக்குத் தெரியும். நீரோட்டம் தள்ளியதில் அதன் விளிம்பைப் பிடித்தேன். விரல்கள் உள்ளே இறங்கிவிட்டன. கையுறை முழுக்கப் பென்சில் கரி. வார்ப்பிரும்பு உப்புநீரில் பல காலம் கிடந்தால் இரும்பு போய், கிராஃபைட் மட்டும் பழைய வடிவத்திலேயே நிற்கும் என்று படித்திருக்கிறேன். படித்தது அந்த நேரத்தில் கைக்கு எட்டவில்லை. என் ஐந்து விரல் தடமும் இன்னும் அங்கே இருக்கிறது.

பழைய முக்குளி
நீங்கள் தடுமாறிப் பிடித்தீர்கள். நான் கழற்றியே எடுத்தேன். எஞ்சினில் இருந்த பித்தளைத் தகடு, நான்கு திருகு. இருபது வருஷமாக என் அலமாரியில் இருக்கிறது. போன வருஷம், அந்தப் படகு எது என்று தேடிக்கொண்டிருந்த ஒருவரின் குறிப்பைப் படித்தேன். 'தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும்' என்று எழுதியிருந்தார். அன்று இரவே தகட்டில் இருந்த எண்ணை அவருக்கு அனுப்பிவிட்டேன். ஆனாலும் அந்த நான்கு துளைகள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கரையோரம்
தவறாக நினைக்க வேண்டாம், ஒரு இழுவைப் படகுக்கு இவ்வளவு வருத்தம் தேவையா? போர்க்கப்பல் என்றால் சரி. கப்பல் போகும் வழியை அடைத்துக் கிடந்த இழுவைப் படகு ஒன்றை வெட்டி எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கொதிகலனைத் தூக்கியதும் அடுப்பு வாயிலிருந்து நிலக்கரி கொட்டியது. எரியாத கரி, பளபளவென்று. அது மட்டும் மறக்கவில்லை.

நீராவிப் பிரியன்
கரையோரம், தேவை என்றுதான் சொல்வேன். சரக்குக் கப்பலில் பெரும்பகுதி சரக்குக்கான இடம். இழுவைப் படகிலோ உடம்பே எஞ்சினும் கொதிகலனும்தான், அதைச் சுற்றி ஒரு ஓடு. நீராவியால் கப்பல் ஓடும் என்று காட்டிய ஆரம்ப காலப் பயணங்களில் ஒன்றே இழுவைதான். 1803-ல் ஸ்காட்லாந்துக் கால்வாயில் சார்லட் டண்டாஸ், தலா 70 டன் படகு இரண்டை இழுத்துக் காட்டியது. அப்புறம் கோனஸ்டோகா. அமெரிக்கக் கடற்படையின் இழுவைக் கப்பல், 1921-ல் 56 பேரோடு காணாமல் போனது. 2009-ல் கடலடியில் தென்பட்டது, 2016-ல்தான் அதுதான் என்று உறுதி செய்து அறிவித்தார்கள். அந்த 56 குடும்பங்களிடம் போய் 'ஒரு இழுவைப் படகுதானே' என்று சொல்ல முடியுமா?

பழைய முக்குளி, தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், எழுத்து மங்கும். எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று நினைவில் உள்ளதை வரைந்து வையுங்கள். திரும்பக் கொண்டுபோய் மாட்டுகிறேன் என்று நீங்களே இறங்கவும் வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன், இரும்பை மட்டும் மேலே கொண்டுவரவே கூடாது. ஊறிய உப்போடு காய்ந்தால் வெடித்து உதிரும். 1872-ல் மூழ்கிய சாந்தோ கப்பலின் எஞ்சினை ஆஸ்திரேலியாவில் 1985-ல் எடுத்தார்கள். உப்பை இறக்கி, மேலே இறுகிய படிவை உடைத்து, கையால் சுழற்றும் நிலைக்குக் கொண்டுவர இருபது வருஷம் ஆனது. நூறு வருஷம் நீருக்கடியில் இருந்ததைப் பாரம்பரியம் என்கிறது 2001 யுனெஸ்கோ உடன்படிக்கை, கிடக்கும் இடத்திலேயே காப்பதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்கிறது.

என் அனுபவம் சின்னது. கண்ணாடி வழியே இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசை ஒன்றை எண்ணினேன். ஒன்று மட்டும் கோணலாக அடிக்கப்பட்டிருந்தது. அடித்தவரின் கை தெரிந்தது.

ஆழம்18
கரையோரம், ஒன்று கேட்க வேண்டும். கரி கொட்டியபோது அடுப்புக் கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா? மூழ்கும் நேரத்தில் ஆள் கீழே வேலையில் இருந்தாரா என்பதற்கு அது ஒரு தடயம்.

கரையோரம்
திறந்திருந்தது. கரியோடு, கரி அள்ளும் ஒரு ஷவலின் தலையும் வந்தது, பிடி இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். நானும் கை கொடுத்தேன்.