ஈசிஆரில் கார் ஓடும்போது வீடியோ கால் மட்டும் ஏன் உறைகிறது?

முத்தியால்பேட்டைக்காரன்: புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகும்போது பின்சீட்டில் உட்கார்ந்துதான் ஆபீஸ் மீட்டிங். மரக்காணம் உப்பளம் வந்ததும் மேனேஜர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துவிடுகிறார், ஆனால் பக்கத்தில் பையன் பார்க்கிற யூடியூப் ஜோராக ஓடுகிறது. வண்டி வேகம்தான் காரணமா?

டவர்வாசி: வேகத்தை மட்டும் குறை சொல்லாதீங்க. 4ஜி தரமே மணிக்கு 350 கிமீ வேகத்தையும் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. 100இல் போனால் நொடிக்கு 28 மீட்டர், ஒரு டவரின் 2 கிமீ அகல வட்டத்தை ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலே கடந்துவிடுவீர்கள், ஒவ்வொரு முறையும் டவர் கைமாற வேண்டும், நடுவில் சிக்னல் மெலிந்த இடம் வந்தால் இணைப்பு தடுமாறும். யூடியூப் அடுத்த சில நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும், அதனால் தெரியாது. மேனேஜர் இனிமேல் பேசப்போவதை எப்படி இறக்குவது?

கடலூர் ஓடி: காரின் உலோக உடலும் சிக்னலைக் குடிக்கும், கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள சன்ஃபிலிம் இருந்தால் இன்னும் மோசம். கூரைமேல் ஆன்டெனா வைத்த 4ஜி ரவுட்டர் போட்டுப் பாருங்க.

முத்தியால்பேட்டைக்காரன்: சன்ஃபிலிம் இருக்கிறது! சரி, நாளைக்குக் கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசிப் பார்க்கிறேன்.