சி மொழியில் வளரும் சரம்: ஓர் எழுத்து கூடினால் நிரல் நிற்கிறது, இரண்டு கூடினால் ஓடுகிறது

கேள்வி

லினக்ஸில் சி நிரல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கோப்பை வரிவரியாகப் படித்து, எல்லாவற்றையும் ஒரே சரமாகச் சேர்க்க வேண்டும். மொத்தம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் ஒவ்வொரு வரிக்கும், இதுவரை சேர்ந்த சரத்தின் நீளத்தையும் புது வரியின் நீளத்தையும் ஸ்ட்ர்லென் கொண்டு அளந்து, இரண்டையும் கூட்டி, அந்த அளவுக்கு ரீஅலாக்கிடம் இடம் கேட்கிறேன். பிறகு வரியின் நகல் ஒன்றை ஸ்ட்ர்டூப் மூலம் எடுத்துத் தனிப் பட்டியலில் வைக்கிறேன். கடைசியில் ஸ்ட்ர்கேட் கொண்டு வரியைச் சரத்தின் வாலில் ஒட்டுகிறேன்.

நான்கு வரிகள் கொண்ட சிறு கோப்பில் சோதித்தேன். முதல் மூன்று வரிகள், புதுவரிக்குறியையும் சேர்த்து, 12, 14, 13 பைட். ஒழுங்காக ஓடியது. மூன்றாம் வரியில் ஓர் எழுத்தைக் (ஒரு பைட்) கூட்டினேன். நான்காம் வரிக்கு வந்ததும் "ரீஅலாக்(): இன்வேலிட் நெக்ஸ்ட் சைஸ்" (அடுத்த துண்டின் அளவு செல்லாது) என்று சொல்லி நின்றுவிட்டது. இன்னும் ஓர் எழுத்தைக் கூட்டினால் மறுபடியும் ஓடுகிறது! மூன்று நாட்களாக அந்த ரீஅலாக் வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன தவறு?

மறுமொழி 1

பார்க்க வேண்டிய வரி அதுவன்று. நீங்கள் செய்தியில் கண்ட ரீஅலாக் வெறும் சாட்சி. சேதம் அதற்கு முந்தைய சுற்றிலேயே, ஸ்ட்ர்கேட்டில் நடந்துவிட்டது.

உங்கள் எண்களையே கூட்டிப் பாருங்கள். 12, 14, 14 சேர்ந்தால் 40. நீங்கள் கேட்டதும் 40. ஆனால் சரத்தின் முடிவைக் காட்டும் பூஜ்ய பைட்டுக்கும் இடம் வேண்டும். ஸ்ட்ர்லென் அதை எண்ணுவதில்லை. ஆக, ஸ்ட்ர்கேட் எழுதியது 41 பைட். அந்த 41ஆவது பைட் உங்களுடையது அன்று.

அப்படியானால் 39க்கும் 41க்கும் ஏன் ஓடியது? 64 பிட் லினக்ஸில் சி மொழியின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி நினைவகத்தை 24, 40, 56, 72 என்று 16 பைட் படிகளாகவே தருகிறது. 39 கேட்டால் கையில் கிடைப்பது 40. மிச்சமிருந்த ஒரு பைட்டில் பூஜ்யம் உட்கார்ந்துகொண்டது. 41 கேட்டால் 56 கிடைக்கிறது. சரியாக 40 கேட்கும்போதுதான் மிச்சமே இல்லை. அதற்கு அடுத்த பைட்டில் தொடங்குவது பக்கத்துத் துண்டின் அளவைக் குறித்து வைத்திருக்கும் இடம். உங்கள் நிரலில் அந்தப் பக்கத்துத் துண்டு, நீங்கள் சற்று முன் எடுத்த ஸ்ட்ர்டூப் நகல். குறித்து வைக்கும் இடத்தையும் சேர்த்து அதன் அளவு 32. ஓர் அடையாள பிட்டும் சேர்ந்து 33 என்று பதிந்திருக்கும். அதன் மேல் பூஜ்யம் விழுந்ததால் அளவே 0 ஆகிவிட்டது. அடுத்த சுற்றில் ரீஅலாக் பக்கத்துத் துண்டைப் பார்த்தது, 0 என்பது சாத்தியமில்லாத அளவு என்று கண்டது, நிறுத்திவிட்டது.

இந்த வகைத் தவறு என்னையும் ஒருமுறை வாரக்கணக்கில் அலைக்கழித்தது. 16 நீளங்களில் ஒன்றில் மட்டும் எல்லை மீறும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அதுவும் சில நேரம் வெளியே தெரியாது. ஆகவே "சோதித்தேன், ஓடியது" என்பதை இங்கே நம்பவே கூடாது.

ஒன்றைக் கூட்டிவிட்டால் இன்றைய சிக்கல் தீரும். தயவுசெய்து அத்தோடு விட்டுவிடாதீர்கள். நீளத்தை ஒவ்வொரு முறையும் சரத்திடமே போய்க் கேட்பதுதான் மூலக் கோளாறு. வரிக்கு 40 பைட் வீதம் 1,00,000 வரிகள் கொண்ட கோப்பை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்ட்ர்கேட்டும் வாலைத் தேடி முதல் எழுத்திலிருந்து நடக்கிறது. அந்த நடை மட்டுமே மொத்தம் ஏறத்தாழ 20,000 கோடி பைட். ஸ்ட்ர்லென் இன்னொரு முறை அதே தூரம் நடக்கிறது.

முகவரி, நீளம், கொள்ளளவு மூன்றையும் ஒரே ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டும் வகை) வையுங்கள். அதில் சேர்ப்பதற்கு ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். சரத்தைத் தொடும் உரிமை வேறு யாருக்கும் வேண்டாம். நீளம், புதியதின் நீளம், ஒன்று ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை கொள்ளளவைத் தாண்டினால், போதுமான அளவு வரும்வரை கொள்ளளவை இரட்டியுங்கள். பிறகு முகவரியோடு நீளத்தைக் கூட்டினால் வரும் இடத்தில் மெம்காபி கொண்டு புதியதை நகலெடுங்கள். பிறகு நீளத்தைப் புதுப்பித்து, பூஜ்யத்தை வையுங்கள். அந்த "ஒன்று" நிரல் முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் வரும். மறக்க வாய்ப்பே இல்லை.

16 பைட்டில் தொடங்கினால் 18 இரட்டிப்பில் 41,94,304க்கு வந்துவிடுவீர்கள். அந்த 1,00,000 வரிகளும் அதில் அடங்கும். ஒவ்வொரு முறையும் இடம் மாற நேர்ந்தாலும், இடமாற்றத்துக்காக நகலெடுப்பது மொத்தமே 42 லட்சம் பைட்டுக்குள்தான். இரட்டிக்கும் முன் அந்த எண் வகையின் உச்சத்தைத் தாண்டாதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன். ரீஅலாக் திருப்பித் தருவதை நேராகப் பழைய சுட்டியிலேயே (முகவரியை வைத்திருக்கும் மாறி) போடாதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் அது நல் (எதையும் காட்டாத வெற்று முகவரி) தரும், ஆனால் பழைய துண்டு அப்படியே உயிரோடு இருக்கும். அதன் முகவரியை அழித்துவிட்டால் பிறகு அதை விடுவிக்கவே முடியாது. தற்காலிகச் சுட்டியில் வாங்கி, நல் இல்லை என்று பார்த்த பின் மாற்றுங்கள்.

இன்னொன்று, ரீஅலாக் சரத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம். சரத்தின் நடுவே எங்காவது சுட்டி வைத்திருந்தால் அது செத்த முகவரி ஆகிவிடும். உதாரணமாக, "மூன்றாம் வரி இங்கே தொடங்குகிறது" என்று நினைவில் வைக்க வேண்டுமானால் முகவரியை வைக்காமல், தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்ணை வையுங்கள். இந்தத் தவறு சிறு கோப்பில் தெரியாமலே போகலாம். பக்கத்தில் இடம் இருந்தால் சரம் நகராமலே வளர்ந்துவிடும்.

மறுமொழி 3

வரியை எதில் படிக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. வரி படிக்கும் எஃப்கெட்ஸுக்கு 256 பைட் அரே கொடுத்திருந்தால், அதைவிட நீளமான வரி துண்டுதுண்டாக உடைந்து உங்கள் தனிப் பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளாகப் பதிவாகும். கெட்லைன் பயன்படுத்துங்கள். நல் சுட்டியும் 0 அளவும் கொடுத்துத் தொடங்கினால் வரிக்கு வேண்டிய இடத்தை அதுவே வளர்த்துக்கொள்ளும். படிப்பது தோற்றாலும் அந்த இடத்தை நீங்கள்தான் விடுவிக்க வேண்டும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 2008 போசிக்ஸ் தரத்திலேயே இது வந்துவிட்டது. அதே தரத்தில் ஓபன்_மெம்ஸ்ட்ரீம் என்ற ஒன்றும் உண்டு: கோப்பில் எழுதுவதுபோல எழுதிக்கொண்டே போகலாம், மூடியதும் சரமும் நீளமும் கையில் கிடைக்கும். விண்டோஸின் சி நூலகத்தில் இவை இரண்டும் இல்லை.

கேட்டவர்

256 பைட் அரேதான் வைத்திருந்தேன். கெட்லைனுக்கு மாற்றிவிட்டேன்.

புதிதாக எழுதும் முன், பழைய நிரலை அட்ரஸ் சானிடைசர் (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கருவி) சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நான்காம் வரியின் ரீஅலாக் வரை போகவே இல்லை. முதல் வரியை ஒட்டிய ஸ்ட்ர்கேட்டிலேயே நிறுத்தி, 12 பைட் பகுதியின் முடிவிலிருந்து 0 பைட் தள்ளி எழுதியிருக்கிறாய் என்று காட்டியது. மூன்றாம் வரி 13 பைட்டாக இருந்து, நிரல் ஒழுங்காக ஓடிய கோப்பையும் கொடுத்துப் பார்த்தேன். அதையும் அதே முதல் வரியிலேயே பிடித்துவிட்டது.

ஸ்ட்ரக்டும் சேர்க்கும் ஃபங்ஷனும் சேர்ந்து 30 வரிக்குள் முடிந்துவிட்டன. நிரலில் இப்போது ஸ்ட்ர்கேட் எங்கும் இல்லை.